நூல் பிடித்த ஊர்

ஆடி மாதம் பதினோராம் நாள், வியாழக்கிழமை, காலை பத்தேகால் மணிக்கு, நொச்சிவலசு என்கிற எங்கள் ஊர் தன் நூற்று நாற்பது வீடுகளோடும் மாரியம்மன் கோயிலோடும் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியோடும் இடது கைப்பக்கமாகத் திரும்பியது. நான் அப்போது என் பேக்கரியில் முட்டை பப்ஸ் அடுக்கிக்கொண்டிருந்தேன். கடை முன்னால் கிடந்த தகரக் கூரையின் நிழல் எழுந்து நடந்து சாக்கடையைத் தாண்டியது, கொஞ்ச நேரம் அங்கே நின்றது, பிறகு வந்த வழியே திரும்பி வந்து பழைய இடத்தில் படுத்துக்கொண்டது. நிமிர்ந்து பார்த்தேன். எதிர்க்கடையில் மரகதம் ஒரு பந்தய சைக்கிளின் ஹேண்டில்பாரை இடது பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு நேராக்கிக்கொண்டிருந்தாள். அவள் மறுபடி திருப்பினாள்; நிழல் மறுபடி போனது. கடைசி பப்ஸையும் அடுக்கிவிட்டுத்தான் நான் வெளியே போனேன், ஏனென்றால் ஆறிப்போன பப்ஸை எங்கள் ஊரில் யாரும் தொடமாட்டார்கள்.

மரகதம் எங்கள் ஊர்க் கொத்தனார் மகள். பன்னிரண்டு வருஷம் அப்பனோடு சாரம் ஏறிச் சுவர் வைத்தவள், கல்யாணமானதும் புருஷனின் சைக்கிள் கடையில் உட்கார்ந்தவள், அவர் சவுதிக்குப் போனதும் கடையைத் தன் கடையாகவே ஆக்கிக்கொண்டவள். அவள் வாயில் மில்லிமீட்டர் வராது. அங்குலத்தை எட்டாகப் பங்கு வைத்து, அதில் ஒரு பங்கைக் கொத்தனார்கள் நூல் என்று சொல்வார்கள் இல்லையா, அதுதான் வரும். பெடல் கட்டை அரை நூல் ஆடுது என்பாள், சீட்டை ரெண்டு நூல் ஏத்து என்பாள், அவள் சொன்னபடி ஏற்றினால் முட்டிவலி போய்விடும்.

சைக்கிள் அவளுடைய சித்தி மகள் தாரணியினுடையது. தாரணி நூல்மில்லில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டு, ஷிஃப்டுக்கு முன்னால் தினமும் ஐம்பது கிலோமீட்டர் ஓட்டுகிறவள். அவள் வேகத்தைப் பார்த்த கோயமுத்தூர் சைக்கிள் கிளப்காரர்கள், விரலால் தூக்கிவிடக்கூடிய ஒரு கார்பன் சட்டமும், குழாய் அறுக்காத முன் ஃபோர்க்கும், தண்டும் கைப்பிடியும் ஒரே வார்ப்பாக வந்த ஒரு ஹேண்டில்பாரும் பெட்டிகளில் போட்டுக் கொடுத்தார்கள். நாங்களே பூட்டித் தருகிறோம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். 'வேண்டாமுங்க, என்ற அக்கா பூட்டுவா' என்று சொல்லிவிட்டு அவள் பெட்டிகளை டவுன் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டாள்.

இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாநிலப் போட்டி. முதல் இரண்டு இடத்தில் வந்தால் ரயில்வே அணிக்கான தேர்வுக்குப் போகலாம், தேர்வானால் வேலை. இருபத்தைந்து வயது முடிந்தால் அந்தக் கதவு மூடிக்கொள்ளும். தாரணிக்கு ஆவணியில் இருபத்தைந்து முடிகிறது.

இந்த மாதிரி ஹேண்டில்பாரில் பிறகு ஏற்றி இறக்கிச் சரிக்கட்டுகிற வேலை ஏதும் கிடையாது. ஃபோர்க்கிலிருந்து மேலே எழும் குழாய் சட்டத்தின் கழுத்து வழியாக வந்து ஹேண்டில்பாருக்குள் நுழையவேண்டும். அந்தக் குழாயை எங்கே அறுப்பது என்பதை ஒரே ஒரு முறைதான் முடிவு பண்ணலாம். குட்டையாக அறுத்துவிட்டால் ஃபோர்க்கைத் தூக்கி எறியவேண்டியதுதான். மரகதம் மூன்று நாள் தாரணியை அதன்மேல் குனிய வைத்து, கழுத்தில் வளையங்களை ஒவ்வொன்றாகப் போட்டும் எடுத்தும், அவள் முதுகையும் முழங்கையையும் சாக்கட்டியால் சுவரில் வரைந்து வரைந்து பார்த்தாள். "இப்ப மூச்சு முட்டுதா கண்ணு?" "இல்லக்கா." "இப்ப?" "இப்பத்தான் நல்லா இருக்குது." அந்த 'இப்ப'வில் ஒரு கோடு போட்டாள். குழாயின் வாய் ஹேண்டில்பாரின் வாய்க்கு மூன்று மில்லிமீட்டர் கீழே நிற்கவேண்டும் என்று பெட்டியோடு வந்த காகிதத்தில் போட்டிருந்தது. "ஒரு நூல்னு சொல்றதுக்கு எத்தனை சுத்து" என்றாள் மரகதம். தண்ணீர் விட்டு விட்டு, கரும்பொடி பறக்காமல், சின்னப் பல் ரம்பத்தால் அவள் அறுத்தாள். துண்டு விழுந்தபோது நான் என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சைக்கிளுக்காக அடக்கிய மூச்சை விட்டேன்.

கடைசியாக ஹேண்டில்பாரை நேர் பார்க்கவேண்டும். மற்ற மெக்கானிக்குகள் முன் சக்கரத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஒற்றைக் கண்ணால் பார்ப்பார்கள். மரகதத்துக்குக் கண்ணில் நம்பிக்கை இல்லை. சிவப்பு நைலான் நூலை எடுத்து, ஒரு முனையை ஹேண்டில்பாரின் நடுவில் கட்டி, டயரின் நடுக்கோட்டுக்கு நேராக இழுத்து, தெருவைத் தாண்டி, என் கடை ஓரத்தில் ஊர்ப்பெயர் வெட்டி நிற்கிற கல்லில் மறு முனையைக் கட்டினாள். நூல் சுண்டினால் ஒலிக்கிற விறைப்பில் நின்றது. ஒரு செங்கல் வரிசை முடிந்ததும் நூலை அவிழ்த்துவிட்டுத்தான் கொத்தனார்கள் கலவை பூசுவார்கள், இல்லையென்றால் நூல் சுவரோடு போய்விடும். இது மரகதத்துக்கு ஆறு வயதிலேயே தெரியும். ஆனாலும் அன்றைக்கு, நூலை அவிழ்க்காமல், பக்கத்துத் திருகுகள் இரண்டையும் முடுக்கிவிட்டாள். இறுக்கம் போதும் என்று அளவுச் சாவி 'டக்' என்றது. பிடிப்புக்குள் மாட்டிக்கொண்ட நூலை பிளேடால் நறுக்கிவிட்டு, திரும்புகிறதா என்று ஹேண்டில்பாரைத் திருப்பிப் பார்த்தாள். திரும்பியது. ஊரும் திரும்பியது. காரணம் இவ்வளவுதான், இதற்கு மேல் காரணம் கேட்கிறவர்களுக்கு என் கடையில் டீ கிடையாது.

முதல் நாள் எல்லோரும் பார்த்தோம். மரகதம் ஹேண்டில்பாரை மெல்ல, மிக மெல்ல, பிரேக் குழாய் விட்டுக்கொடுக்கும் மட்டும் இடது பக்கம் கொண்டுபோனாள், கிட்டத்தட்ட ஒரு கால் வட்டம். அந்தக் கால் வட்டத்துக்குள் வெயில் ஒவ்வொரு வீட்டு வாசலையும் எட்டிப் பார்த்து, பிறந்ததிலிருந்து வெயிலே படாத சமையற்கட்டுகளுக்குள் நுழைந்து, பித்தளைப் பாத்திரங்களைத் தொட்டு, தண்ணீர்த் தொட்டியின் நீண்ட நிழலை ஊர் முழுக்க ஒரு சுற்று நடத்திக்கொண்டு போய் பள்ளிக்கூடத்து மைதானத்தில் நிறுத்தியது. கைக்குழந்தைகள் அழவில்லை. தொழுவத்து எருமைகள் அசை போடுவதை நிறுத்திவிட்டு வானத்தைப் பார்த்தன. எனக்குக் கை எடுத்துக் கும்பிடத் தோன்றியது, ஆனால் எந்தத் திசையில் கும்பிடுவது என்று தெரியவில்லை.

பழகிக்கொள்ள எங்களுக்கு அரை நாள் போதுமானதாக இருந்தது. பத்தரை மணி டவுன் பஸ் பாலத்தைத் தாண்டி வந்து, ரோடு வளைந்து கிடப்பதைப் பார்த்து, தானும் வளைந்து வந்தது. டிரைவர் இறங்கி, "இந்த ரோடு எப்பங்க போட்டாங்க?" என்று கேட்டு ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். கோயில் பூசாரி, அம்மன் காலம் பூராவும் கிழக்கையே பார்த்துச் சலித்திருப்பாள், கொஞ்ச நாள் வடக்கைப் பார்க்கட்டும் என்றார். மேற்கு பார்த்த என் கடைக்குள் ஆடிக் காற்று பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஊரான் மண்ணையெல்லாம் கொண்டுவந்து கொட்டும், மத்தியான வெயில் கிரீம் கேக்குகளை உருக்கும்; இப்போது கடை தெற்கைப் பார்த்து நின்றது, தூசி இல்லை, கேக்கின்மேல் வைத்த ரோஜாப்பூ சாயங்காலம் வரைக்கும் ரோஜாப்பூவாகவே இருந்தது. ஆக, நான் இந்த அதிசயத்துக்கு முழு ஆதரவு.

என்னைவிட ஆதரவு தெற்கு வாசல் ரங்கநாயகி. அவள் மகளுக்கு ஏழு வரன் வந்து, வாசல் தெற்கு பார்த்திருக்கிறது என்று ஏழும் போய்விட்டது. ஊர் திரும்பிய மறுகணம் அவள் வாசல் கிழக்கு. அன்றைக்குச் சாயங்காலமே தாராபுரத்துக்குப் போன் போட்டு, எட்டாவது வரனை ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லிவிட்டாள். இருபத்தொன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை.

பஞ்சாயத்துத் தலைவர் ருக்குமணி ரேஷன் கடை முன்னால் கூட்டம் போட்டார். ஹேண்டில்பாரை இடது பக்கமே திருப்பி, மஞ்சள் கயிற்றால் சட்டத்தோடு கட்டி வைத்துவிடுவது என்று எல்லோரும் கை தூக்கினோம். நானும் தூக்கினேன், மறைப்பானேன். மரகதம் கடை முன்னால் பந்தல் போட்டோம். யாரோ சந்தனம் வைத்தார்கள். மூன்றாம் நாள் சைக்கிள் கழுத்தில் எலுமிச்சம்பழ மாலை கிடந்தது.

தாரணி மில்லிலிருந்து வந்து அந்த மாலையைப் பார்த்தாள். "அப்ப எனக்கு வண்டி?" என்றாள்.

"கிளப்காரங்க வேற ஒண்ணு குடுக்க மாட்டாங்களா அம்மிணி?" என்று நான்தான் கேட்டேன். அந்தக் கேள்வியை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

"குடுத்தாலும் அது அவ வண்டி ஆகாதுங்" என்றாள் மரகதம். "இது அவ முதுகுக்கு அளந்து அறுத்தது. அறுத்ததை ஒட்ட முடியாது."

அடுத்த நாட்கள் முழுக்கத் தாரணி தன் பழைய வண்டியில்தான் ஓட்டினாள். நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுகிற வண்டி அது, எதிர்காற்றை நெஞ்சில் வாங்கவேண்டும். அவள் வீடு திரும்பும்போது உதடு வெடித்திருக்கும். சாமியாகிவிட்ட சைக்கிளின் முன்னால் ஒரு நிமிஷம் நிற்பாள், தொடமாட்டாள், போய்விடுவாள். ஓடாத ஒரு சைக்கிளைக் கும்பிட்டுவிட்டு, ஓடுகிற ஒரு பெண்ணை நாங்கள் தினமும் பார்க்காமல் இருந்தோம்.

வெள்ளிக்கிழமை காலை மரகதம் சாவியோடு ரேஷன் கடைக்கு வந்தாள். "தப்பு என்னோடதுங்" என்றாள், அரிசி வாங்க வந்து உட்கார்ந்திருந்த சனத்தின் முன்னால் நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "நூலை அவுக்காம முடுக்கிட்டேன். திருகைத் தளத்தினா நூல் வந்துரும். ஆனா தளத்தினா ஊரு எங்க போயி நிக்கும்னு எனக்குத் தெரியாது. வடக்க பாத்து நிக்குமோ, சுத்திக்கிட்டே இருக்குமோ. தளத்தட்டுமா, இல்ல இப்படியே அவளுக்குக் குடுக்கட்டுமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்கோ."

சுற்றிக்கொண்டே இருக்கும் ஊரை நாங்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் நினைத்துப் பார்த்தோம். தலைவர் தண்ணீர் கேட்டுக் குடித்தார். பிறகு மரகதத்தின் பின்னால் நின்ற தாரணியைப் பார்த்து, "நீ ஓட்டுனா நாங்க ஆடமாட்டோமா கண்ணு?" என்றார்.

"நேரா ஓட்டறேனுங்க" என்றாள் தாரணி. "முப்பது கிலோமீட்டர் பைபாஸ். நடுவுல ஒரே ஒரு திருப்பம். அதைத் தவிர நேரா ஓட்டறேன்."

ரங்கநாயகி எழுந்தாள். "ஞாயித்துக்கெழமை எட்டு மணிக்கு என்ற பொண்ணைப் பாக்க வராங்க. ஹேண்டில்பார் நேரா போனா என்ற வாசல் மறுக்காவும் தெக்கு. ஒரே ஒரு நாள் பொறுத்துக்கக் கூடாதா?" கெட்டவள் இல்லை அவள். ஏழு தடவை காபி ஆற்றி, ஏழு தடவை டம்ளர்களைக் கழுவி வைத்தவள்.

"எனக்கும் அந்த ஒரு நாள்தானுங்க்கா இருக்குது" என்றாள் தாரணி. அவ்வளவுதான் சொன்னாள். தலைவர் மஞ்சள் கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தார். ரங்கநாயகி கூட்டத்தைவிட்டுப் போய்விட்டாள். போகும்போது என் முகத்தைப் பார்த்தாள், நீயாவது பேசியிருக்கலாமே என்பதுபோல. நான் கேக்கைப் பற்றி என்ன பேசுவது.

சனிக்கிழமை மரகதமும் தாரணியும் சைக்கிளை ஹேண்டில்பார் அசையாதபடி கட்டி வேனில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஊர் பழைய திசையில் நின்றது. அம்மன் கிழக்கைப் பார்த்தாள். என் கடைக்குள் தூசி வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு மேல் அடுப்பு பற்ற வைக்கக் கூடாது, குழந்தைகளை மடியில் வைத்துக்கொள்ளவேண்டும், கன்றுகளைக் குட்டைக் கயிற்றில் கட்டவேண்டும் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். எல்லோரும் வாசலில் உட்கார்ந்திருந்தோம். போன் தேவைப்படவில்லை. ஏழு இருபதுக்கு ஊர் இடதும் வலதுமாக ஏழெட்டு முறை மெல்ல அசைந்தது. கொடிகளில் துணி ஆடியது. எழுந்து நின்று மிதிக்கிறாள், புறப்பட்டுவிட்டாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அப்புறம் நேரானது.

அந்த நேரை நான் எப்படிச் சொல்வேன். ஊர் சும்மா இருப்பது வேறு, ஒருத்தி தன் இரண்டு கையாலும் ஊரை நேராகப் பிடித்திருப்பது வேறு. என் டம்ளரில் இருந்த டீயின் மேல் கூரைத் தகரத்தின் ஒவ்வொரு மடிப்பும் தெரிந்தது. கோயில் மணியின் நாக்கு நடுவில் நின்றது. காக்கைகள் கத்தவில்லை. மரகதத்தின் அப்பன் கட்டிய சுவர்களும் அவருக்குத் தெரியாமல் கோணிப்போன சுவர்களும் எல்லாமே ஒரே நூலில் வந்து நின்றதுபோல இருந்தது, நாற்பது வருஷமாக முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள் இரண்டு பேர் அவரவர் வாசலிலிருந்து ஒருவரை ஒருவர் பார்த்து, பார்த்தபடியே இருந்தார்கள். அழுகை வந்தது எனக்கு. எதற்கு என்று கேட்காதீர்கள், எல்லோரும்தான் அழுதோம்.

ஏழு நாற்பத்தி மூன்றுக்கு நிழல்கள் ஓட ஆரம்பித்தன. ஊர் வலது பக்கமாக இழுத்துக்கொண்டு திரும்பியது, வெயில் வீடுகளின்மேல் சரிந்து ஓடி, ஒரு கணம் நின்று, ஓடிய வழியே திரும்பி வந்தது. "திரும்பிட்டா! பாதி முடிஞ்சுது!" என்று தலைவர் கத்தினார். ஊர் மறுபடி நேரானது. அந்த நேரத்தில்தான் தாராபுரத்துக் கார் வந்து ரங்கநாயகி வாசலில் நின்றது.

பத்து நிமிஷம் போயிருக்கும். கணவாய்க் காற்று எழுந்தது.

எங்கள் ஊரில் அது வழக்கமான காற்றுதான். ஆனால் அங்கே, மரம் மட்டை இல்லாத பைபாஸில், அகலத் தகடாக வார்த்த அந்தக் கைப்பிடியைக் காற்று பக்கவாட்டில் பிடித்து அடித்தது. முதலில் டீ நடுங்கியது. பிறகு தண்ணீர்த் தொட்டியிலிருந்து தண்ணீர் தளும்பி விழுந்தது. ஊர் இடதுக்கும் வலதுக்கும் இழுபட்டது, ஓடுகள் சரிந்தன, என் கண்ணாடிப் பெட்டி விரிசல் விட்டது, குழந்தைகள் வீறிட்டன. அவள் விழப்போகிறாள் என்று எல்லோருக்கும் தெரிந்தது. விழுந்தால் ஊர் என்ன ஆகும் என்று ஒருத்தர்கூட நினைக்கவில்லை, இதை நான் எந்தச் சாமி முன்னாலும் சொல்வேன். நினைத்ததெல்லாம் அவளைத்தான்.

முதலில் எழுந்தவள் ரங்கநாயகி. பட்டுப்புடவையோடு, ஃபிளாஸ்கிலிருந்து ஊற்றிய காபித் தட்டைப் படியில் வைத்துவிட்டு, தன் வீட்டுச் சுவரில் தோளைக் கொடுத்து, "நில்லு!" என்றாள், மாட்டை அதட்டுவதுபோல. சுவர் நின்றது. நூலுக்கு இரண்டு முனை உண்டு என்பது அந்தக் கணத்தில்தான் எங்களுக்கு உறைத்தது. ஊர் முழுக்க எழுந்தது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. ஊர் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நின்று, கையையும் நெற்றியையும் முதுகையும் சுவர்களுக்கு முட்டுக் கொடுத்தோம். பங்காளிகள் இரண்டு பேரும் பொதுச் சுவரில் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். பூசாரி கோபுரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். தாராபுரத்து மாப்பிள்ளையின் அப்பா, என்ன ஏது என்று கேட்காமலே, வேட்டியை மடித்துக் கட்டி ரங்கநாயகியின் சுவரில் சாய்ந்து தள்ளினார். நான் வாசலில் மடியில் வைத்துக் கையால் அடித்துக்கொண்டிருந்த கிரீமை அப்படியே விட்டுவிட்டு, கழுவாத கையோடு ஓடிப்போய் ஊர்ப்பெயர்க் கல்லை இரண்டு கையாலும் பிடித்தேன். கல் கைக்குள் துடித்தது. விடவில்லை. காற்று எங்களைத் தள்ளியது, நாங்கள் காற்றைத் தள்ளினோம், நொச்சிவலசு தன் முந்நூறு சொச்சம் சனத்தின் தோளில் நேராக நின்றது, ஒரு நூல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ போகவில்லை.

எட்டு ஐந்துக்கு எல்லாம் அடங்கியது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்தோம். மாப்பிள்ளையின் அப்பா வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "வீடு கெழக்குன்னு சொன்னீங்களே?" என்றார். ரங்கநாயகி நிமிர்ந்து நின்று, "தெக்குங்க" என்றாள். அவர் தான் சாய்ந்த சுவரைக் கொஞ்ச நேரம் தடவிப் பார்த்தார். "கெட்டியான வீடுங்" என்றார். காபி ஆறிப்போயிருந்தது. எல்லோரும் குடித்தார்கள்.

தாரணி இரண்டாவதாக வந்திருந்தாள். காற்று எழுந்த அந்தக் கடைசி ஏழெட்டுக் கிலோமீட்டரில் நாலு பேர் விழுந்தார்களாம், மற்றவர்கள் வேகத்தைக் குறைத்தார்களாம். "இவ மட்டும் நூல் புடிச்ச மாதிரி போனா" என்று மரகதம் ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டே வந்தாள், சொல்லிவிட்டு, சொன்ன சொல்லைத் தானே கேட்டு, நின்றுவிட்டாள். அந்தத் திருகை அவள் அப்புறம் தளர்த்தவில்லை. தளர்த்தச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் தாரணி என் கடைக்கு வந்தாள். மேற்கு வெயில் பழையபடி உள்ளே விழுந்து, கிரீம் கேக்குகள் எல்லாம் உருகி வழிந்துகொண்டிருந்தன. நான் துடைக்காமல் உட்கார்ந்திருந்தேன். அவள் பெஞ்சில் உட்கார்ந்து உள்ளங்கை இரண்டையும் விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அந்தக் காத்துல நான் உழுந்துட்டேன்னே நெனச்சேனுங்க. அப்பறம் ஆரோ ஹேண்டில்பாரைப் புடிச்சாங்க. ஒரு கை ரெண்டு கை இல்ல, நொம்பக் கை. என்ற கைக்கு மேலயே புடிச்சிருந்தாங்க."

"அப்படியா அம்மிணி" என்றேன்.

அவள் தன் வலது உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள், பிறகு என் பக்கம் நீட்டினாள். "முப்பது கிலோமீட்டர் வேர்வைக்கு அப்பறமும் போகலீங்க" என்றாள். "மோந்து பாருங்க. வெனிலா எசன்ஸ்."